சோளம் அறுக்கும்வரை

சைட் மேனேஜரை நினைத்தால் எனக்கு முதலில் கண்முன் வருவது அவர் முகமல்ல, அவருடைய சட்டைப்பைதான். வெளிர்நீலச் சட்டை, இடது பக்கப் பை, அதில் ஓரம் தேய்ந்த பழைய பட்டன் போன். சில நாட்களுக்கு முன் அவர் என்னைக் கூப்பிட்டுப் பேசியதற்கான அடையாளம் அதற்குள் இருந்தது. அதை எடுத்து ஒருமுறை காட்டியிருந்தால் அவருடைய வேலை தப்பியிருக்கும், என்னுடையது போயிருக்கும். அவர் கை அந்தப் பக்கமே போகவில்லை. நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு வாயை மூடி நின்றேன்.

அப்போது திருப்பூரில் ஓர் இன்சூரன்ஸ் கிளையில் ஒப்பந்த ஊழியராக இருந்தேன். வருடத்துக்கு ஒருமுறை நீட்டித்துத் தருகிற வேலை. பனியன் கம்பெனிகளுக்குத் தீ விபத்துப் பாலிசி எழுதி எழுதியே கை பழகியிருந்த எங்கள் கிளைக்கு, குண்டடம் பக்கம் காற்றாலை நிறுவும் கம்பெனி ஒன்று வந்து சேர்ந்தது. காற்றாலை ஓடத் தொடங்கிய பிறகு ஒரு பாலிசி, அதைக் கட்டி நிமிர்த்தி முடிக்கும்வரைக்கும் வேறொரு பாலிசி என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அடித்தளக் குழியில் மண் சரிந்தாலும் கிரேன் சாய்ந்தாலும் பிளேடு உடைந்தாலும் அந்த இரண்டாவது பாலிசி ஈடு கட்டும். ஆனால் பொருள் சைட் எல்லைக்குள் இருக்க வேண்டும். வெளியே வைப்பதானால் முன்கூட்டியே தெரிவித்துப் பாலிசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ள வேண்டும். பத்து நிமிட வேலை அது.

சைட் மேனேஜர் குன்னத்தூர்க்காரர். ஐம்பதைத் தாண்டியவர். பணிவு என்றால் அப்படியொரு பணிவு. கிரேனைக்கூட வாங்க போங்க என்றுதான் கூப்பிடுவார் என்று வேலையாட்கள் கேலி பேசுவார்கள். நான் முதல்முறை சைட்டைப் பார்க்கப் போனபோது வயிற்றில் ஐந்து மாதம். அதைக் கேட்காமலே தெரிந்துகொண்டு, தகரக் கொட்டகையில் இருந்த ஒரே நல்ல நாற்காலியை எனக்குப் போட்டுவிட்டு, சிமெண்ட் மூட்டைமேல் உட்கார்ந்து எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னார். "உங்க ஊட்டுக்காரரு என்ன பண்றாருங்க அம்மிணி?" என்று கேட்டார். கட்டிங் மாஸ்டர், கம்பெனி மூடிவிட்டதால் மூன்று மாதமாக வீட்டில் இருக்கிறார் என்றேன். அதற்குமேல் எதுவும் கேட்காமல் மோர் கொண்டுவரச் சொன்னார்.

பிளேடுகள் சித்திரையிலேயே வந்துவிட்டன. அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. ஒவ்வொன்றும் ஒரு தெரு நீளம். அவ்வளவு நீளத்தை ஏற்றிய டிரெய்லர் திரும்ப வேண்டுமானால் ஒரு தோட்டத்தின் மூலை வழியாகத்தான் திரும்ப வேண்டும். ஒப்பந்தப்படி அந்த இடம் கம்பெனிக்கு உண்டு. ஆனால் வைகாசிக்கு முன் வண்டி வராது என்று கம்பெனியே சொல்லியிருந்ததால், தோட்டத்துக்காரம்மா தைப்பட்டத்தில் அங்கே சோளம் விதைத்திருந்தார். டிரெய்லர் வந்து நின்றபோது கதிர் முற்றிக்கொண்டிருந்தது. அந்தம்மா வரப்பில் நின்று, "பத்து நாளு பொறுத்துக்குங்க சாமி, அறுத்துட்டுக் காட்டையே குடுத்தர்றேன்" என்று கும்பிட்டிருக்கிறார். சென்னையிலிருந்து வந்த எவராவது சைட் மேனேஜராக இருந்திருந்தால் பயிருக்கு ஒரு விலை பேசிக் கொடுத்துவிட்டு வண்டியை ஏற்றியிருப்பார். இவர் குன்னத்தூரில் பண்ணையம் பார்க்கிற வீட்டில் பிறந்தவர். கதிர் நிற்கிற காட்டில் சக்கரத்தை விட அவருக்கு மனசு வரவில்லை. சாலையோரத் தரிசில் இறக்கி வைக்கச் சொல்லிவிட்டார்.

அன்று மதியமே எனக்குப் போன் செய்தார். நான் ஒரு பனியன் ஃபேக்டரியில், நிட்டிங் மெஷின்களின் இரைச்சலுக்கு நடுவே ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். "அம்மிணி, பிளேடு மூணும் வந்திருச்சுங்க. ஆனா சோளம் நிக்குது, சைட்டுக்குள்ள கொண்டுபோக முடியலீங்க. பத்து நாளைக்கு வெளிய தரிசுல வெக்கறோம். பாலிசில ஏதாச்சும் எழுதோணுமுங்களா?" அவரே கேட்டார். "ஆமாங்க சார், எழுதணும். நானே எழுதிடறேன், நீங்க கவலைப்படாதீங்க" என்றேன். முறைப்படி ஒரு கடிதம் அனுப்பச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எங்கள் ஊரில் பாதி ஆர்டர்கள் போனிலேயே முடியும். வாயால் சொன்ன பிறகு தாளில் கேட்பது எதிராளியை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று கூசுகிறவர்கள் நாங்கள். அவரும் அந்தக் கூச்சத்தில்தான் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போனை வைத்திருப்பார்.

நான் எழுதவில்லை. பெரிய காரணம் எதுவுமில்லை. அந்த ஃபேக்டரியில் வேலை முடிய நேரமாயிற்று, பஸ்ஸில் கூட்டம், மறுநாள் வேறு ஃபைல்கள். மறந்துவிட்டேன், அவ்வளவுதான். மசக்கை, களைப்பு என்று பின்னால் எனக்கு நானே பல சமாதானம் சொல்லிப் பார்த்தேன். மசக்கையெல்லாம் முடிந்து மாசக்கணக்காகியிருந்தது.

எட்டாம் நாள் கோடைமழைக்கு முன்னால் வருமே அந்தச் சூறைக்காற்று, அது வந்தது. மணல் மூட்டை வைத்துக் கட்டியிருந்தும் ஒரு பிளேடு புரண்டு, பக்கத்தில் இருந்ததன்மேல் விழுந்தது. இரண்டும் உடைந்தன. அதே காற்று சோளத்தையும் தரையோடு படுக்க வைத்துவிட்டது. நாங்கள் போய்ப் பார்த்தபோது தோட்டத்துக்காரம்மா சாய்ந்த சோளத்தட்டுகளைப் பார்க்காமல், உடைந்த பிளேடுகளைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார். "என்னாலதானுங்க, என்னாலதானுங்க" என்று சைட் மேனேஜரிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர், "காத்தடிச்சா நீங்க என்ன பண்ணுவீங்க, ஊட்டுக்குப் போங்க" என்று அவரை அனுப்பிவைத்தார்.

நஷ்டத்தை மதிப்பிடக் கோயமுத்தூரிலிருந்து சர்வேயர் வந்தார். தகரக் கொட்டகையில் அவர், சென்னையிலிருந்து வந்த கம்பெனி அதிகாரி, எங்கள் கிளை மேலாளர், நான், சைட் மேனேஜர் என்று ஐந்து பேர். பிளேடு கிடந்த இடத்துக்கும் சைட் எல்லைக்கல்லுக்கும் இடையே டேப் பிடித்து அளந்து குறித்துக்கொண்டு வந்த சர்வேயர் கேட்டார்: "வெளிய வெக்கறத இன்சூரன்ஸ் ஆபீஸ்ல யாருகிட்டயாவது சொன்னீங்களா?" நான் ஃபைலைக் குனிந்து பார்த்தேன். பிறகு நிமிர்ந்து அந்தச் சட்டைப்பையைப் பார்த்தேன். சைட் மேனேஜர் என் முகத்தையும் வயிற்றையும் ஒரு கணம் பார்த்தார். "இல்லீங்க. சொல்லோணும்னு எனக்குத் தோணலீங்க. தப்பு என்ற மேலதானுங்க" என்றார்.

நான் பேசியிருக்கலாம். அந்த ஒரு நிமிடத்தை நான் எத்தனையோ தடவை திரும்பப் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பேசுகிறேன். நிஜத்தில், கூட்டம் முடிந்து வெளியே வந்ததும், "வெயில்ல நடக்காதீங்க அம்மிணி, ஜீப்ப இங்கயே வரச் சொல்றேன்" என்று அவர்தான் என்னிடம் பேசினார். ஜீப் வந்தது, ஏறிக்கொண்டேன். க்ளெய்ம் தள்ளுபடியானது. அடுத்த மாதம் கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பியது. காற்றாலை வேலையில் இருப்பவர்கள் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். இன்சூரன்ஸுக்குச் சொல்லாமல் பிளேடை வெளியே போட்டவர் என்ற பேர் ஒட்டிக்கொண்டதில் வேறு எந்த சைட்டிலும் அவரைச் சேர்க்கவில்லை. எனக்கு ஒப்பந்தம் நீட்டித்தார்கள். ஆடியில் மகள் பிறந்தாள்.

ஆறு வருடம் கழித்து அவரைப் பார்த்தேன். அதற்குள் தேர்வெழுதி நிரந்தர ஊழியராகி, சோலார், காற்றாலைக் கட்டுமானப் பாலிசிகளையெல்லாம் பார்க்கிற பொறுப்புக்கு வந்திருந்தேன். பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் ஃபேக்டரியின் கூரையில் சோலார் பேனல் பொருத்திக்கொண்டிருந்தார்கள். பார்வையிடப் போனால் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அங்கே ஜெனரேட்டர், பாய்லர் பார்க்கிற மெயின்டனன்ஸ் வேலையாம். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. "கொழந்த என்ன படிக்குதுங்க அம்மிணி?" என்றுதான் முதலில் கேட்டார்.

என்றாவது பார்த்தால் சொல்ல வேண்டும் என்று ஆறு வருடமாக வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். "அன்னைக்கு நீங்க பேசாம நின்னது எனக்குப் புரிஞ்சுதுங்க. நீங்க எழுதித்தான் இருப்பீங்க. மேல இருக்கறவங்க அமுக்கிட்டாங்க. நான் உங்க பேரச் சொல்லீருந்தா அவிய உங்களையல்ல தொரத்தீருப்பாங்க? எனக்குத் தெரியாதுங்களா?" அவர் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது. ஒரு நல்ல பெண்ணின் வேலையைக் காப்பாற்றியதாக அவர் நினைத்திருந்தார். அது ஒன்றுதான் அவருக்கு அந்த விஷயத்தில் மிஞ்சியிருந்தது.

"ஆமாங்க சார்" என்றேன்.

முதல் தடவை வாயை மூடிக்கொண்டு செய்தேன், இரண்டாம் தடவை வாயைத் திறந்து செய்தேன். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. என் பிரிவில் இன்று எவரும் எதையும் போனில் சொல்லி முடிக்க முடியாது. "மெயில் போடுங்க" என்று நான் சொல்வதை வைத்து ஆபீசில் என்னைக் கிண்டல் செய்வார்கள். பட்டுத் தெளிந்தவள் என்று அவர்களுக்கு நினைப்பு. பட்டது வேறொருவர்.

சென்ற மாதம் அந்தக் கூரை சோலாரின் பாலிசியைப் புதுப்பிப்பது பற்றிக் கேட்க அவருடைய எண்ணுக்குப் போன் செய்தேன். வேறொரு குரல் எடுத்து, பத்து நாளுக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார் என்றது. ஞாயிற்றுக்கிழமை குன்னத்தூருக்குப் போனேன். அவர் மனைவி என்னை உட்கார வைத்து, யாரென்று கேட்டார். சொன்னேன். நிறுத்தினால் மறுபடி பொய் வந்துவிடும் என்று பயந்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எனக்குப் போன் செய்தார், எழுதுகிறேன் என்று சொன்னேன், எழுதவில்லை, என்னைக் காப்பாற்ற அவர் பழியை ஏற்றுக்கொண்டார், பிறகு கேட்டபோதும் பொய் சொன்னேன். சொல்லிவிட்டு, என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

அந்தம்மா திட்டவில்லை. நான் எழுதாமல் விட்டது, பொய் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறியதாகவே தெரியவில்லை. "அப்ப, அவரு போன் பண்ணுனது நெசந்தானுங்களா?" என்றார்.

"நெசமுங்க. மத்தியானமே பண்ணினார்."

"ஊட்டுல வந்து சொன்னேன் சொன்னேன்னுதான் சொன்னாருங்க. மீட்டிங்ல அவரே இல்லீன்னு ஒப்புக்கிட்டாருன்னு கம்பெனிக்காரங்க சொன்னாங்க. எதை நம்பறது? யாருகிட்டச் சொன்னீங்கன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டாரு. என்ற பையன், வேலையத் தொலச்சுட்டு வந்து பொய் வேறயா சொல்றீங்கன்னு கேட்டுப்போட்டான்." உள்ளே திரும்பி, "கண்ணு, இங்க வா" என்று சத்தமாகக் கூப்பிட்டார். முப்பது வயதுக்காரர் ஒருவர் மொட்டைத் தலையோடு வந்து நிலைப்படியில் நின்றார். "இன்னொருக்காச் சொல்லுங்க அம்மிணி, அவன் கேக்கட்டும்."

இன்னொருமுறை முதலிலிருந்து சொன்னேன். பனியன் ஃபேக்டரி இரைச்சலில் அவர் குரல் கேட்டது, சோளம் நிற்கிறது என்று அவர் சொன்னது, பாலிசியில் எழுத வேண்டுமா என்று அவரே கேட்டது. முடித்ததும் மகன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அன்னையிலிருந்து கடைசிவரைக்கும் நான் அவர அப்பான்னே கூப்படலீங்க" என்றார்.