ஒரே ஒரு முந்திரிக் கொத்து

தை மாதக் காலையில் முந்திரிப் பூ மணக்கும். மல்லிகை மாதிரி தெருமுனையிலிருந்தே ஆளை இழுக்காது, கிட்டப்போய் நின்றால் லேசான ஓர் இனிப்பு, கூடவே பிசின் வாடை, அவ்வளவுதான். அந்த வாடை எங்கிருந்தாவது வந்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆலங்குடிப் பக்கத்தில் நான் எட்டாவது படித்தபோது, கிளைவிட்ட பூங்கொத்துகளை அட்டையில் ஒட்டிக் கண்காட்சிக்குக் கொண்டுவரச் சொன்னார் அறிவியல் டீச்சர். நடுத்தண்டிலிருந்து கிளை, கிளையிலிருந்து குட்டிக்கிளை, நுனியெல்லாம் பூ. "உதிரிப் பூ வேணாம், கொத்தோட வேணும்" என்றார். மாவும் மருதாணியும் தெருவிலேயே கிடைத்தன. முந்திரிக்குத்தான் வம்பு. பூக்கிற மாதத்தில் யாராவது அதைத் தொட்டால், எங்கள் பக்கம் பூவைப் பறித்தாள் என்று சொல்ல மாட்டார்கள், "காய ஒடிச்சுட்டா" என்றுதான் சொல்வார்கள். இன்றைய பூதானே நாளைய காய்; திருட்டு என்று அர்த்தம்.

தேன்மொழியும் நானும் ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ். முந்திரிக்கொல்லை அவள் வீட்டுடையது. சித்திரையில் என் அம்மா அங்கேதான் முந்திரி பொறுக்கக் கூலிக்குப் போவாள். அதனாலேயே நான் தயங்கினேன். "ஒடிடீ, எங்க மரந்தானே? எங்க அம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்று கிளையை வளைத்துப் பிடித்துக்கொடுத்ததே அவள்தான். ஒரு கொத்து, ஒரே ஒரு கொத்து ஒடித்தேன்.

கண்காட்சிக்கு அவள் அம்மா வந்தார். அட்டையில் ரோஸ் கோடு போட்ட அந்தப் பொடிப் பூக்களைப் பார்த்ததுமே, "யாருடி எங்க காய ஒடிச்சது?" என்றார். நான் தேன்மொழியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியாதும்மா. இவதான் கொல்லைக்குள்ள போனா."

அடிப்பாவி! டீச்சர் என் அட்டையைச் சுவரிலிருந்து கழற்றினார். அந்தச் சித்திரையில் என் அம்மாவை யாரும் முந்திரி பொறுக்கக் கூப்பிடவில்லை. அம்மா என்னை அடிக்கவில்லை, "அவ சொன்னான்னு நீ ஏண்டி தொட்ட?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். அவளாவது என்னை நம்பினாள். தேன்மொழியுடன் நான் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது புதுக்கோட்டையில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குத் தாவரவியல் நடத்துகிறேன். கிளைப் பூங்கொத்துக்கு மாம்பூவை மட்டும்தான் காட்டுவேன். முந்திரியைக் காட்ட நினைத்தாலும் அந்தக் கொல்லை இல்லை; எல்லாவற்றையும் வெட்டிவிட்டுத் தைலமரம் போட்டுவிட்டார்கள்.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், பக்கத்து இலையில் தேன்மொழி. என் கையைப் பிடித்துக்கொண்டு தன் மகளிடம் சிரிக்கச் சிரிக்கச் சொன்னாள்: "இந்தப் பெரியம்மாதான்டி நம்ம கொல்லைல காய ஒடிச்சு மாட்டிக்கிட்டவுக. நான் வேணாம் வேணாம்னு எம்புட்டுச் சொன்னேன், கேக்கலையே!"

அவள் முகத்தையே பார்த்தேன். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நடந்தது என்று மனசார நம்புகிறாள். இத்தனை வருஷமாக அவள் என்றைக்காவது ஒருநாள் மன்னிப்புக் கேட்பாள் என்று காத்திருந்தவள் நான். கிளையை வளைத்துக்கொடுத்த அதே கை, என் கையை விடாமல் பிடித்திருந்தது.