லெனாட்டும் வியட்நாம்காரனும்

கமலாவதியின் கடைக்குள் நுழைந்ததும் லெனாட்டின் கை தானாகத் தட்டுக்குப் போய்விடும். சரிந்து கிடக்கும் சவர்க்காரக் கட்டிகளை நிமிர்த்தி, பெயர் தெரியத் திருப்பி, முன்னுக்கு இழுப்பார். “சவுக்காரம் முகம் காட்டி நிக்கவேணும் தங்கச்சி.” உள்ளூரில் செய்யும் நெல்லியடிச் சவர்க்காரத்துக்கு மட்டும் அந்த மரியாதை கிடையாது, அது பருப்பு மூட்டைக்குப் பின்னால் போகும். கண்மட்டத்துத் தட்டில் அவருடைய பழைய கொம்பனியின் கடைசிக் கட்டி தனியாக நிற்கும். அதை விற்க விடமாட்டார்.

பதினெட்டு வருடம் அந்த வெளிநாட்டுச் சவர்க்காரக் கொம்பனியின் விற்பனையாளராக அரியாலையிலிருந்து பருத்தித்துறை வரை மோட்டார் சைக்கிள் ஓடியவர். கொம்பனி நாட்டை விட்டுப் போய் மூன்று வருடம். அது கொடுத்த நீலச் சட்டை போகவில்லை. தேவாலயத்துக்குப் போகும் ஞாயிறு தவிர்த்து அதுதான் உடுப்பு.

ஏன் போனது? லாபத்தை டொலராக எடுத்துப்போக முடியவில்லை, இறக்குமதிக்குத் தடை, வரி, சந்தையும் சின்னது என்று படித்தவர்கள் அடுக்குவார்கள். லெனாட்டிடம் ஒரே காரணம்தான்: “வியட்நாம்காரன் மயக்கிப்போட்டான்.”

கொழும்பில் நடந்த கடைசிக் கூட்டத்தில், ஒவ்வொரு நாட்டின் விற்பனையையும் திரையில் தூண் தூணாகக் காட்டினார்கள். வியட்நாம் கோயில் கோபுரம் மாதிரி நின்றது. லெனாட் கையை உயர்த்தி, “சேர், எங்கடை நாடு எங்கை?” என்றார். இளம் அதிகாரி ஓரத்தில் நின்ற ஒரு குட்டைத் தூணைக் காட்டினார். அதன் கீழே ‘ஏனையவை’ என்று எழுதியிருந்தது.

“அவனுக்குப் பேர் இருக்கு. நான் ஏனையவை.”

அன்றிலிருந்து காலைத் தேத்தண்ணியோடு கைப்பேசியில் கொம்பனியின் வியட்நாம் கிளையுடைய முகநூல் பக்கத்தைத் திறப்பார். அதே நீலச் சட்டையோடு ஒருவன் தட்டுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு நிற்பான். லெனாட் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்குவார். “பாரப்பா நவமணி, மூண்டாவது வரிசை கோணல். உவனுக்கு என்ன தெரியும்?”

“நான் அக்கா வீட்டை ஒரு மாசம் நிண்டாலும் என்ரை படத்தை உப்பிடிப் பெரிசாக்கிப் பாப்பியளோ?” என்பார் மனைவி. மூன்று வருடமாக அவருடைய தையல் மெசினில்தான் வீடு ஓடுகிறது.

நெல்லியடிச் சவர்க்கார முதலாளி சண்முகநாதன் லெனாட்டை விற்பனை வேலைக்குக் கேட்டு மூன்று தரம் ஆள் அனுப்பினார். கடைசியில் அவரே தொலைபேசியில் வந்தார். “வெள்ளி பின்னேரத்துக்குள்ளை சொல்லுங்கோ. இல்லாட்டி வேறை ஆளைப் பாக்கிறன்.”

வெள்ளி பின்னேரம் லெனாட் கமலாவதி கடைக்கு வந்தபோது கண்மட்டத்துத் தட்டு வெறுமையாக இருந்தது.

“எங்கை என்ரை கட்டி?”

“விக்கவும் விடமாட்டியள், மணமும் போயிட்டுது. நேற்று நான் போட்டுக் குளிச்சிட்டன் அண்ணை.”

“கேளாமலோ?”

“ஆரைக் கேக்கிறது, வியட்நாம்காரனையோ?”

லெனாட் பருப்பு மூட்டைக்குப் பின்னால் கையை விட்டார். நெல்லியடிக் கட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, நீலச் சட்டையின் நுனியால் தூசி துடைத்து, கண்மட்டத்தில் மூன்று வரிசையாக முகம் காட்டி நிறுத்தினார். மூன்றாவது வரிசையில் ஒன்று அரை விரல் விலகி நின்றது. அதையும் தட்டி நேராக்கினார். பிறகு படம் எடுத்தார்.

“முதலாளிக்கோ அனுப்புறியள்?” என்றார் கமலாவதி.

“அவருக்குப் பிறகு.”

வியட்நாம்காரன் சிரிக்கும் படத்தைத் திறந்து, அதற்கு நேர் கீழே, கருத்து எழுதும் இடத்தில், தன் தட்டின் படத்தைப் போட்டுவிட்டு, சட்டைக் கொலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.