அவரை நான் மன்னித்தேன்

என் கணவர் தாம் செய்யாத குற்றத்துக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் மன்னித்தேன். அந்தக் குற்றத்தை விடாமல் செய்துவந்தவள் நான்!

இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது. இங்கேயே நிறுத்திவிடலாம்தான். ஆனால் பாதி தெரிந்தால் உங்களுக்கு என்மேல் இரக்கம் வந்துவிடும்... அது வேண்டாம். முழுவதையும் கேளுங்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசி. ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் நாங்கள் இருவரும் குடியிருந்தோம். என் பெயர் விசாலாட்சி. அவர் சிவப்பிரகாசம்; திருச்சி தெப்பக்குளத்துக்கு அருகில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். பிள்ளைகள் இல்லை. குரலை உயர்த்திப் பேசத் தெரியாத மனிதர். அவரிடம் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, அவருடைய வயிற்றைத் தவிர.

வயிற்றுப்புண். சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் வெளுத்துப்போகும். கையை மேல்வயிற்றில் அழுத்திக்கொண்டு குனிந்துவிடுவார். டாக்டர் அறுவைச் சிகிச்சை என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதுமே அவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அவருடைய அண்ணன் ஆபரேஷன் மேசையிலிருந்து எழுந்து வரவில்லை. அந்தப் பயம் எனக்குப் புரிந்தது... அன்றைக்குப் புரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் டவுனில் ஓர் இயற்கை வைத்தியரின் பேச்சைக் கேட்கப் போனோம். தீயில் பட்டதெல்லாம் செத்த உணவு என்றார் அவர். பச்சைக் காய், பழம், தேங்காய், முளைகட்டிய பயறு, இவையே போதும். உப்பு கூடாது, புளி கூடாது, காப்பி கூடவே கூடாது. வீட்டில் ஒருவர் சமைத்துத் தின்ன, மற்றவர் பச்சையாகத் தின்பது நடக்காது. கணவனும் மனைவியும் சேர்ந்தே தொடங்க வேண்டும் என்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது என் கணவர் என் பக்கம் பார்க்காமலே கேட்டார்: "உன்னால முடியுமா விசாலம்? நீ கஷ்டப்படணும்னு இல்ல..."

"உங்களுக்காக நான் இதுகூடச் செய்யமாட்டேனா?" என்றேன்.

எவ்வளவு அழகான வாக்கியம்! சொன்னபோது அதை நான் நம்பினேன். மறுநாள் காலையில் அடுப்பைக் கழுவி, கோலம் போட்டு, மேலே ஒரு தாம்பாளத்தைக் கவிழ்த்து வைத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து வேடிக்கை பார்த்தார்கள். "இப்படி ஒரு பெண்டாட்டி யாருக்குக் கிடைப்பா?" என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

முதலில் சிலநாள் வலி குறைந்தது. அது உண்மை. அவர் சிரித்துக்கொண்டே வெள்ளரிக்காயைக் கடித்தார். நானும் கடித்தேன். ஆனால் எனக்கோ... எப்படிச் சொல்வேன்? பக்கத்து வீட்டில் ரசத்துக்குத் தாளித்தால் என் கண்ணில் நீர் வந்தது. கனவில் சோறு வந்தது. முளைப்பயறை மென்று மென்று தாடை வலித்தது. நாற்பதைத் தொடாத, உடம்பில் ஒரு நோயும் இல்லாத பெண் நான். யாருடைய வயிற்றுக்காகவோ என் வயிறு ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆம், "யாருடைய வயிற்றுக்காகவோ" என்றுதான் நினைத்தேன்!

காய் வாங்க நான் காந்தி மார்க்கெட்டுக்குப் போவேன். அதற்குப் பக்கத்திலேயே, பாலக்கரையில், ஜைனம்பு வீடு. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். கல்யாணமான பிறகும் விட்டுப்போகாத ஒரே சினேகிதி. ஒருநாள் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டு உள்ளே போனேன். அவள் நெய்ச்சோறு இறக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன விசாலம், இப்படி இளைச்சுக் கெடக்கே? உக்காரு, ஒரு வாய் சாப்பிட்டுப் போ. கறி போடாத கொழம்புதான், பயப்படாதே."

நான் உட்கார்ந்தேன். ஒரு வாய் என்று தொடங்கி காய்ந்த மாடு கம்பில் விழுந்ததுபோலச் சாப்பிட்டேன். அவள் பயந்துபோய் என்னையே பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அண்ணனுக்குத் தெரியுமா? நீயும் பத்தியம்னு சொன்னியே."

"தெரியும். அவருதான் சொன்னாரு, உனக்கு முடியலைன்னா வெளியில சாப்பிட்டுக்கன்னு."

ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய், அதுவும் அவர் பெயரால்!

அதன்பிறகு பச்சைக் காய் வாடிவிடும், அடிக்கடி புதிதாக வாங்க வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். வாரத்தில் பாதிநாள் மார்க்கெட்டுக்குப் போனேன். ஜைனம்பு எனக்கென்று தனிச் சட்டி வாங்கி வைத்தாள். சாப்பிட்டுக் கிளம்பும்போது பையிலிருந்து கொத்தமல்லித் தழையை எடுத்து மென்றுகொண்டே பஸ் ஏறுவேன். மாலையில் அவரோடு உட்கார்ந்து, மிகுந்த பொறுமையோடு, பாதி வாழைப்பழம் தின்பேன்.

"உனக்குப் பசியே இல்லையே விசாலம்... உன் மனசுதான் காரணம்," என்பார் அவர். வியப்போடு சொல்வார்.

இங்கேதான் என் புத்தி கெட்டது. கவனியுங்கள்.

திருட்டுத்தனமாகத் தின்னத் தொடங்கியதிலிருந்து எனக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. என்னால் தாங்க முடியாததை இவர் எப்படித் தாங்குகிறார்? முகத்தில் எப்படி ஒரு சுளிப்பும் இல்லை? டவுனில் மூலைக்கு மூலை ஓட்டல். அச்சகத்து ஆட்கள் காப்பி வாங்கி வருவார்கள். ஒரு வாய் குடிக்காமலா இருப்பார்? நான் குடிக்காமல் இருப்பேனா? மாட்டேன். ஆகவே அவரும் குடிக்கிறார்! இதுதான் என் கணக்கு. என்னை அளந்த கோலால் அவரை அளந்தேன்.

அவர் சட்டையைக் கழற்றிப் போட்டதும் எடுத்து முகர்ந்தேன். பையைத் துழாவினேன். வாயருகில் போய்ப் பேச்சுக் கொடுத்தேன். ஏதாவது அகப்பட வேண்டும் என்று ஏங்கினேன். ஆம், ஏங்கினேன்... அவர் திருடனாக இருந்துவிட்டால் நான் திருடி இல்லை அல்லவா?

பிறகு அவர் வீட்டுக்குத் தாமதமாக வரத் தொடங்கினார். "வேலை" என்றார். நான் நம்பவில்லை. ஒருநாள் மாலை பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்த பூக்கடை ஓரமாக நின்றேன். வழக்கமான பஸ்ஸிலேயே வந்து இறங்கினார். வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேரே அம்மா மண்டபத்துக்குள் போனார். பின்தொடர்ந்தேன். காவிரிப் படித்துறையில், கூட்டத்தைவிட்டு விலகி ஓரமாக உட்கார்ந்தார். முழங்கால்களைக் கட்டிக்கொண்டு, மோவாயை அவற்றின்மேல் பதித்து, அசையாமல் இருந்தார். ஆற்றையும் பார்க்கவில்லை, கண்களை மூடியிருந்தார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? தின்றது செரிக்கட்டும் என்று காற்று வாங்குகிறார் என்று நினைத்தேன்!

அருகில் போய், "என்னங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இருபது அடி தூரம்கூட இல்லை. கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து காத்திருந்தேன்.

இரண்டொரு நாளில் எனக்கு வேண்டியது கிடைத்தது. துவைக்க எடுத்த கைக்குட்டை, நான்காக மடித்து, சட்டைப்பையின் அடியில் திணித்திருந்தது. பிரித்தேன். பழுப்புக் கறை. ஓரத்தில் தூள் தூளாக ஒட்டியிருந்தது. காப்பி! டிகாக்ஷன் இறங்கிய வடிகட்டியின் அடியைத் துடைத்ததுபோல இருந்தது. ஒரு புளித்த வாடையும் அடித்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதக் கை கூசுகிறது.

அவர் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கைக்குட்டையை நீட்டினேன்.

"இது என்னங்க?"

அவர் முகம் மாறியது. "அது... ஒண்ணுமில்ல, குடு."

"காப்பிதானே? சொல்லுங்க. அடுப்பைக் கழுவி மூடி வச்சிட்டு, பச்சைத் தேங்காயைக் கடிச்சிக்கிட்டு நான் இங்க கெடக்கறேன். யாருக்காக? நீங்க அங்க காப்பி குடிக்கிறீங்களா?"

பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னேன். கேட்கட்டும் என்றுதான் சொன்னேன். அன்று மதியம் நான் ஜைனம்பு வீட்டில் வத்தக்குழம்பு சாப்பிட்டிருந்தேன்.

அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

"ஆமா விசாலம். காப்பிதான். ஒரு வாய்... ஆசை தாங்கல. மன்னிச்சிடு. இனிமே தொடமாட்டேன்."

நான் உடனே மன்னித்துவிடவில்லை! அன்று முழுவதும் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில்தான், பெரிய மனசு பண்ணி, "சரி, போனாப் போகுது. மனுஷங்கதானே," என்றேன். அவர் நன்றியோடு சிரித்தார். அந்தச் சிரிப்பு...

அந்த ஞாயிற்றுக்கிழமை. நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். கிணற்றடியில் வாளி விழும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், அவர் துவைகல்லைப் பிடித்தபடி சரிந்திருந்தார். வாயிலிருந்து ரத்தம். சிவப்பாக, சந்தேகத்துக்கு இடமில்லாத ரத்தம்.

குதிரைவண்டியில் ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலத்தைத் தாண்டினோம். அவர் தலை என் மடியில் இருந்தது. நான் அழுதேன். ஆனால் அழுகைக்கு நடுவிலும் என் மனம் என்ன சொல்லிக்கொண்டிருந்தது? எந்த ஓட்டலில் எதைத் தின்றாரோ! ஆஸ்பத்திரியில் டாக்டர் விசாரித்தபோது அதையே வாய்விட்டும் சொன்னேன்: "வெளியில கண்டதையும் சாப்பிட்டிருக்காருங்க. எனக்குத் தெரியாம காப்பி குடிச்சாரு."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "காப்பியா? யார் சொன்னது?"

கைக்குட்டையைப் பற்றிச் சொன்னேன்.

"அம்மா, அது காப்பி இல்ல. உள்ளே ரத்தம் கசிஞ்சு வயித்துல தங்கினா, வாந்தியில காப்பித்தூள் மாதிரித்தான் வரும். அன்னிக்கே கூட்டிட்டு வந்திருக்கணும்."

ஆபரேஷனுக்குச் சம்மதித்து, நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷன் நடந்தது. அவர் எழுந்து வந்தார். வயிற்றில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். சற்றே பேச முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் மன்னிப்புக் கேட்டார். இம்முறை உண்மையைச் சொல்லி!

"வலி திரும்பி வந்து ரொம்ப நாளாச்சு விசாலம். படித்துறையில உக்காந்து, அடங்கின பிறகுதான் வீட்டுக்கு வருவேன். டாக்டர்கிட்ட போயிடலாம், இதை விட்டுடலாம்னு பலதடவை நினைச்சேன். ஆனா நீ எனக்காக இவ்வளவு பட்டினி கெடக்கறே... உன்கிட்ட போய் இதெல்லாம் வீணாப்போச்சுன்னு எப்படிச் சொல்றது? ரத்தம்னா நீ பயந்துடுவே. காப்பின்னா கோபம்தானே வரும்?"

கேட்டீர்களா? என் பட்டினிக்காகத்தான் அவர் வலியைப் பொறுத்தார். இல்லாத என் பட்டினிக்காக! "என்னால முடியலைங்க, நான் சோறு தின்னுட்டேன்," என்று ஒருநாள் சொல்லியிருந்தால், அவர் சிரித்துவிட்டு டாக்டரிடம் போயிருப்பார்.

அப்போதாவது சொன்னேனா? இல்லை. அழுதேன். அதை அன்பென்று அவர் எடுத்துக்கொண்டார்.

ஜைனம்பு பார்க்க வந்தாள். கட்டிலருகே நின்றவளிடம் அவர், "உங்க சினேகிதி எனக்காகப் பச்சைத் தண்ணியும் பழமுமா இருந்தாங்கம்மா," என்றார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு கணம்தான். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, "ஆமாண்ணே... ரொம்ப இளைச்சிட்டா," என்றாள். வாசல்வரை அவளுடன் நடந்தேன். அதற்குப்பின் எங்கே கண்டாலும் நலம் விசாரிப்பாள். சாப்பிடக் கூப்பிட்டதில்லை.

வருஷங்கள் ஓடிவிட்டன. அவர் இருக்கிறார். குழைந்த சோறு ஒரு கைப்பிடி, அதுவும் விட்டுவிட்டுத்தான் இறங்கும். நான்தான் சமைக்கிறேன். யார் வந்தாலும் அவர் அந்தக் கதையைச் சொல்கிறார். "இவ எனக்காக அடுப்பையே அணைச்சவ." நான் தலையைக் குனிந்துகொள்கிறேன். அடக்கம் என்கிறார்கள்.

ஆனால் இப்போது எனக்கு ஒரு புதுச் சந்தேகம்... அவருக்குத் தெரியுமோ? ஜைனம்பு சொல்லியிருப்பாளோ? தெரிந்துகொண்டேதான் இத்தனை பேர் முன்னால் புகழ்கிறாரோ? இல்லை, வெறும் அன்புதானோ? அவர் ஒவ்வொரு முறை சொல்லும்போதும் முகத்தைக் கூர்ந்து பார்க்கிறேன். பிழை திருத்துபவரின் முகம், எதையும் காட்டாது. ஒரு மனிதர் என்மேல் வைத்த அன்பைக்கூட முகர்ந்து பார்க்காமல் வாங்கிக்கொள்ள எனக்குத் தெரியவில்லை!

சென்ற மாதம் தில்லை நகரில் அவர் தங்கை மகளின் புதுமனை புகுவிழா. பந்தியில் தன் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து என் இலையில் வைத்தார். "நீ நல்லாச் சாப்பிடணும் விசாலம்," என்றார். இதற்கு என்ன அர்த்தம்?

திரும்பும் பஸ்ஸில் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் கவனித்துவிட்டார்.

"என்ன அப்படிப் பாக்கறே? ஏதாவது சொல்லணுமா?"

பஸ் பாலத்தின்மேல் போய்க்கொண்டிருந்தது. எங்களைச் சுற்றி யாரும் இல்லை. அவர் காத்திருந்தார், உண்மையாகவே காத்திருந்தார்.

"ஒண்ணுமில்லீங்க," என்றேன்.