கைப்பையில் அரைக் கிலோ பருப்பு

புட்டை ஓரமாக ஒதுக்கி, நடுவில் குழி செய்து, பொலித்தீனில் சுற்றிய அட்டியலை அதற்குள் இறக்கி, மேலே கத்தரிக்காய்க் கறியை ஊற்றி மூடுகிறார் றெஜினா அன்ரி. பழைய ஐஸ்கிறீம் டப்பா அது. மூடி இறுகாது என்பதால் குறுக்கே ரப்பர் பட்டி போடுவார். ரூ பெர்தொனே என்ற தெருவில் உள்ள நகைக்கடையின் பின்னறையில், மாலையில் வியாபாரம் அடங்கியதும், இது தினமும் நடக்கும். அறுந்த சங்கிலியோ, கல் விழுந்த தோடோ, சின்னதாக்க வேண்டிய மோதிரமோ, அன்றைக்கு என்ன சாப்பாடோ அதற்கு அடியில்தான் பயணம் போகும்.

பகலில் அன்ரி அந்தக் கடையில் நகை விற்கிறார். மாலையில், திருத்த வேண்டிய நகைகளைப் பொபினியில் வீட்டிலேயே பட்டறை வைத்திருக்கும் அலெக்சிஸ் அண்ணையிடம் மெத்ரோவில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். திருத்தி முடிந்தவற்றை மறுநாள் காலையில் கடைக்குக் கொண்டுவருகிறார். "இண்டைக்கு என்ன, மாசிச் சம்பலோ?" என்று கேட்டுத்தான் அலெக்சிஸ் அண்ணை டப்பாவைத் திறப்பார். ஒருமுறை பூரணி என்ற வாடிக்கையாளர் கடைக்கு வந்து, தன் சங்கிலியில் கருவாடு மணக்கிறது என்று சண்டை பிடித்தார். அன்ரி சங்கிலியை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, "தங்கம் மணக்காது. நீங்கள் மத்தியானம் என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டார்.

ஐம்பதை நெருங்கும் வயது. குள்ளமான உருவம். முழங்காலுக்குக் கீழே இறங்கும் சாம்பல் நிறக் கோட்டு, அதற்குப் பொருந்தாத ஓட்டச் சப்பாத்து. தாலிக்கொடி தெரியாதபடி கழுத்தைச் சுற்றி ஒரு மண்ணிறச் சால்வை. மெத்ரோவில் கதவுக்குப் பக்கத்தில் இருக்கமாட்டார். மனிதர்களை நேரே பார்க்காமல், எதிர்க் கண்ணாடியில் விழும் அவர்களுடைய உருவத்தைப் பார்ப்பார். தெருவில் யார் என்ன கேட்டாலும், நேரம் கேட்டால்கூட, "நோன் மெர்சி", அதாவது வேண்டாம் நன்றி, என்பதுதான் பதில். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கை கொடுக்க வந்த பிரெஞ்சுப் பாதிரியாருக்கும் அப்படிச் சொல்லிவிட்டு, பிறகு நாள் முழுக்க வெட்கப்பட்டார்.

இந்தப் பங்குனியில், பக்கத்துக் கடை ஒன்றுக்காக இதே வேலையைச் செய்த சவிரிமுத்து அண்ணையை மெத்ரோப் படிக்கட்டில் பின்னாலிருந்து தள்ளிவிட்டார்கள். பை போனது. தாடை உடைந்தது. அன்ரி ஆசுப்பத்திரிக்குப் போய், கம்பி போட்டுக் கட்டிய அந்த வாயையும், உறிஞ்சு குழாயில் ஏறிய கஞ்சியையும் பார்த்துவிட்டு வந்தார். வந்ததும், பக்கத்து வீட்டிலிருக்கும் என்னிடம், "எனக்கொரு சின்னத் துவக்கு வேணும்," என்றார். தோடு வாங்க வந்தவரைப் போல நிதானமாகத்தான் சொன்னார்.

முதலில் துப்பாக்கி விற்கும் கடை ஒன்றுக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அன்ரியின் பிரெஞ்சு நகை விற்கவும் வதிவிட அட்டை தரும் பிறிபெக்தூர் அலுவலகத்தில் வரிசையில் நிற்கவும் போதும். துப்பாக்கிக்குப் போதாது.

கடைக்காரப் பையன், கழுத்தில் பாம்பு பச்சை குத்தியவன், கறுப்பு வெல்வெட் துணியை விரித்து அதன்மேல் இரண்டு சிறிய ரிவால்வர்களை வைத்தான். வெல்வெட்டைக் கண்டதும் அன்ரிக்குப் பாதிப் பயம் போய்விட்டது. அது அவருக்குப் பழகிய துணி. கோட்டுக் கையை மேலே தள்ளிவிட்டு, ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

"இது அறுபது பவுண் வரும். மற்றது இன்னும் கூட. அறுபது பவுணை ஒருத்தி கழுத்திலை போட்டால் மண்டபமே திரும்பிப் பாக்கும். இதை ஒருத்தரும் பாக்கக் கூடாது, என்ன?"

ஒன்றின் பின்புறத்தில் கொக்கி போல ஒரு பாகம் துருத்திக்கொண்டிருந்தது. அதை விரலால் தடவி முகத்தைச் சுளித்தார். "கல்லைத் தூக்கிக் கட்டின மோதிரம் மாதிரி. அவசரத்திலை துணியிலை கொழுவும்." பின்புறம் வழுவழுப்பாக இருந்த பாரம் குறைந்ததுதான் அவருக்குப் பிடித்தது. பையன் தலையாட்டினான். இதைக் கொண்டுபோவது சுகம், ஆனால் சுடும்போது கையை உதைக்கும், பழகுவதற்குப் பாரமானதுதான் நல்லது என்றான். நான் மொழிபெயர்த்தேன்.

"கொண்டுபோக நல்லது சுட உதவாது, சுட நல்லது கொண்டுபோக உதவாது. அப்ப இவங்கள் இதை ஆருக்குச் செய்து விக்கிறாங்கள்?"

பையன் இரண்டையும் திருப்பி எடுத்துப் பூட்டினான். சுடும் கழகத்தில் சேராமல், அனுமதி இல்லாமல், காட்டத்தான் முடியும், விற்க முடியாது என்றான்.

அன்று வீட்டுக்குப் போகும் வழியில் ரூ லூயி-பிளாங்கில் அரைக் கிலோ மைசூர்ப் பருப்பு வாங்கினார். கைப்பையின் முன்பக்கத்தில் ஒரு தனி அறை தைத்தார். பருப்புப் பை அதற்குள் போனது. துவக்கின் பாரம் கைக்குப் பழக வேண்டுமாம். அதன் பிறகு ஒரு மாதமாக, கடையின் பின்னறையிலும், வீட்டின் குளியலறையிலும், ஆளில்லாத லிஃப்டிலும் அன்ரி பருப்பை உருவிக்கொண்டிருந்தார். தோளைத் திருப்பு, கையை விடு, எடு. பொலித்தீனின் மூலைகள் வெண்மையாகத் தேய்ந்துவிட்டன. ஒருநாள் லிஃப்ட் கதவு திறந்தபோது, வெளியே நின்ற கிழவரின் நெஞ்சுக்கு நேரே பருப்புப் பை நீண்டிருந்தது. "நோன் மெர்சி," என்று இந்தத் தடவை சொன்னவர் கிழவர்.

சுடும் கழகம் பொபினியைத் தாண்டி, ஒரு விளையாட்டு மண்டபத்தின் நிலவறையில் இருந்தது. மதாம் ஒடில் என்ற வயதான பெண்மணி, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டவர், புதியவர்களுக்குப் பழக்குகிறார். வாசலிலேயே எங்கள் அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார். சிறிய குண்டு போடும் துப்பாக்கி ஒன்றை மேசையில் வைத்து, ஓரடி பின்னால் நகர்ந்து, "எடுங்கள்," என்று கையைக் காட்டினார்.

அன்ரி எடுக்கவில்லை. கைப்பையைத் திறந்து, தன் கார்த்தை எடுத்து, படம் மேலே தெரியும்படி துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்தார். பத்து வருடம் பிரான்ஸில் இருக்கலாம் என்று சொல்லும் அட்டை அது.

"அதைத்தான் நான் பார்த்துவிட்டேனே," என்றார் ஒடில்.

அன்ரி கார்த்தை எடுத்து மறுபடி உள்ளே வைத்தார். "துவக்கை நான் இவ்வளவு நாளும் முன்பக்கத்திலிருந்துதான் பாத்திருக்கிறன், பிள்ளை," என்று என் பக்கம் திரும்பினார். "மன்னார் றோட்டிலை சந்திக்குச் சந்தி ஆமி மறிக்கும், சேர் எண்டு சொல்லி அட்டையை நீட்ட வேணும். பின்பக்கம் இப்பிடி இருக்குமெண்டு இண்டைக்குத்தான் தெரியும்."

சுட்டார். ஒவ்வொரு வெடிக்கும் அவருடைய தோள் காதுவரை உயர்ந்து இறங்கியது. முடிந்ததும் இலக்குத் தாளைக் கிட்டே இழுத்துப் பார்த்து, ஒரு துளையில் விரலை வைத்து, "உது நான் போட்டதோ, முந்தியே இருந்ததோ?" என்று கேட்டார்.

பிறகு ஒடில் சட்டத்தைச் சொன்னார். முதலில் கழகத்தின் துப்பாக்கியில் மாதக்கணக்காகப் பழக வேண்டும். மருத்துவச் சான்று, பிறகு பிறிபெக்தூரின் அனுமதி. வாங்கினால் வீட்டில் இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டும். கழகத்துக்கு வரும்போது மட்டும், குண்டில்லாமல், பூட்டிய பெட்டியில் கொண்டுவரலாம்.

"கைப்பையிலை?" என்று அன்ரி தானே பிரெஞ்சில் கேட்டார்.

"தெருவில் ஒருநாளும் இல்லை, மதாம். பிடிபட்டால் குற்றம்."

அன்ரி தலையைப் பக்கவாட்டில் அசைத்தார். அது ஆமா, இல்லையா என்று ஒடில் என்னைக் கேட்டார். ஆம் என்றேன். பஸ்ஸில் அன்ரி சொன்னார்: "நான் ஓம் எண்டும் சொல்லேல்லை, இல்லையெண்டும் சொல்லேல்லை. நீ ஏன் சொன்னனி?"

அன்ரி முடிவாகச் சொல்லாததற்குக் காரணம், வேறொரு வழியும் வந்திருந்தது. அன்ரியின் கணவர் செபஸ்டியன் அங்கிள் வேலை செய்யும் உணவகத்துக்கு மீன் இறக்க வரும் ஒருவருக்கு ஓர் ஆளைத் தெரியும். அந்த ஆள் அன்ரியின் தொலைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். பின்புறம் வழுவழுப்பான சிறிய ரிவால்வர், ஒரு துவாய்த் துணியின் மேல். பேப்பர் ஒன்றும் தேவையில்லையாம். சனிக்கிழமை இரவு தொலைபேசியில் அழைப்பான், வாங்குவதென்றால் ஓம் சொல்ல வேண்டும்.

செபஸ்டியன் அங்கிளுக்கு இது தெரிந்ததும் அன்ரியைக் குசினியில் பிடித்துக்கொண்டார். நான் அப்போது அங்கே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"இஞ்சரும், மார்கழியிலை உம்மட கார்த் முடியுது. அதைப் புதுப்பிக்கிற நேரத்திலை இதோடை பிடிபட்டீரெண்டால் பத்து வருசமில்லை, பத்து நாளும் தரமாட்டாங்கள். இஞ்சை இருந்த முப்பது வருசத்தைக் கொண்டுபோய் ஒரு பைக்குள்ளை போடப் போறீர்."

"தாடை உடைஞ்சால் கார்த்தைக் கரைச்சே குடிக்கிறது?"

"அப்ப வேலையை விடும்."

"விடுறன். உங்கட முதுகு நாளைக்கே நேராகிடுமோ? பாதி நாள் வேலையும் இல்லாமல் படுத்திருக்கிறீங்கள்."

அங்கிள் முதுகைப் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "இனி நான் குறட்டை விடவும் பயப்பிட வேணும் போல கிடக்கு," என்றார். அன்ரி சிரிக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை, அம்மாவின் காப்பைத் திருத்தக் கொடுக்க நானும் அன்ரியோடு புறப்பட்டேன். கலியாணக் காலம் என்பதால் டப்பா நிறைந்திருந்தது. உருக்கிச் செய்ய வேண்டிய ஒரு பழைய தாலிக்கொடியும் அதற்குள் இருந்தது. அதன்மேல் போடக் கறி போதாமல் பாண் துண்டுகளை அடுக்கியிருந்தார். ரூ பெர்தொனேயிலிருந்து மெத்ரோ வரைக்கும் அன்ரி வேகமாக நடந்தார். கைப்பையின் முன்பக்கத்தை அடிக்கடி தொட்டுப் பார்த்தார்.

படிக்கட்டில் பாதி இறங்கியிருப்போம். பின்னால் யாரோ ஓடி வரும் சத்தம் கேட்டது. சப்பாத்துகள் இரண்டிரண்டு படியாகத் தாண்டி வந்தன. திரும்புவதற்குள் ஒரு கை அன்ரியின் தோளைப் பிடித்தது.

அன்ரி திரும்பினார். அவருடைய வலது கை பைக்குள் போனதைக் கண்டேன். ஒரு மாதமாகப் பழகிய வேகம். தோள் திரும்பியது, கை உள்ளே போனது, வெளியே வந்தது.

வந்த கையில் கார்த் இருந்தது. படம் வெளியே தெரியும்படி, முழங்கை மடியாமல், எதிரில் நின்றவனின் கண்ணுக்கு நேரே பிடித்திருந்தார். இடது கை வெறுமையாக, விரல்கள் விரிந்து, காதளவுக்கு உயர்ந்திருந்தது. டப்பா வைத்த துணிப்பை முழங்கையில் தொங்கி ஆடியது.

"சேர்," என்றார் அன்ரி.

எதிரில் நின்றவனுக்குப் பதினேழு வயது இருக்கும். சட்டையோடு சேர்ந்த தொப்பி தலையில், மேல்மூச்சுக் கீழ்மூச்சு. அவன் கையில் அன்ரியின் மண்ணிறச் சால்வை இருந்தது. மேலே தெருவில் விழுந்திருக்கிறது. அவன் கார்த்தைப் பார்த்தான், அதிலிருந்த படத்தைப் பார்த்தான், அன்ரியைப் பார்த்தான். "நான் பொலிஸ் இல்லை, மதாம்," என்று சிரித்தான். உயர்ந்திருந்த கையின்மேல் சால்வையைப் போட்டுவிட்டு, வந்த வேகத்திலேயே மேலே ஓடிப்போனான்.

பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றி இறங்கிப் போனார்கள். நான் கையைப் பிடித்து இறக்கும்வரை அன்ரி அப்படியே நின்றார்.

ரயிலில் அவர் எதிர்க் கண்ணாடியைப் பார்க்கவில்லை. மடியில் மல்லாந்து கிடந்த தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மாசமாப் பழக்கின கை, பிள்ளை. எங்கை போச்சுது எண்டு பாத்தியோ?"

சில நிலையங்கள் கழிந்தன.

"அந்தப் பெடியன் சிரிச்சவன்தானே?"

"சிரிச்சவன், அன்ரி."

"பருப்புக்குப் பதிலா அது இருந்து, கையும் சொன்னதைக் கேட்டிருந்தால்…" என்று தொடங்கியவர் நிறுத்திவிட்டார். பொபினியில் இறங்கும்போது மறுபடி கேட்டார்: "வடிவாச் சிரிச்சவன்தானே?"

அலெக்சிஸ் அண்ணை டப்பாவைத் திறந்து, "இண்டைக்கு வெறும் பாணோ? நகைக்கும் உபவாசமோ?" என்றார். அன்ரிக்கு அது கேட்கவில்லை. பாணை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, தாலிக்கொடியைத் துடைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். நானும் அம்மாவின் காப்பைக் கொடுத்துவிட்டு அவரோடு வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் செபஸ்டியன் அங்கிள் முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். அன்ரி கோட்டைக் கழற்றவில்லை. நேரே குசினிக்குப் போய்க் கைப்பையையும் தொலைபேசியையும் மேசையில் வைத்தார். முன்பக்க அறையிலிருந்து பருப்பை எடுத்தார். மெதுவாக எடுத்தார், உருவவில்லை. கத்தரிக்கோலால் தேய்ந்த மூலையை வெட்டி, சட்டிக்குள் கொட்டினார். தண்ணீர் விட்டுப் பிசைந்து கழுவத் தொடங்கியபோது தொலைபேசி அடித்தது. திரையில் பெயர் இல்லை, எண் மட்டும்.

"ஆரெண்டு பாக்கட்டோ?" என்றார் அங்கிள், எழும்ப முயன்றபடி.

அன்ரி தண்ணீரை வடித்தார். புதுத் தண்ணீர் விட்டார். தொலைபேசி அதிர்ந்து அதிர்ந்து மேசையின் ஓரத்துக்கு நகர்ந்தது. விழப்போன நேரத்தில் ஈரக் கையால் அதைப் பிடித்து, முகம் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, பருப்பை அடுப்பில் ஏற்றினார்.