டேப்பில் பேசிய ஊர்க்கவுண்டர்

சடையனுக்குத் தொண்டையில் கட்டி. அறுத்தால் உயிர் தங்கும், பேச்சு தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உயிரைப் பற்றி மனுஷன் அவ்வளவாக அலட்டிக்கொள்ளவில்லை. ஊர்க்கவுண்டர் பதவி போய்விடுமே என்பதுதான் கவலை. ஜவ்வாது மலையில் அவருடைய ஊரில் தீர்ப்பைக் கவுண்டர் வாயால் சொல்ல வேண்டும். தலையாட்டல், கைஜாடை எதுவும் செல்லாது. வாயால் சொல்லிவிட்டால் அவரே நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது. பதினெட்டு வருஷம் இந்தத் தெம்பில்தான் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார்.

வழி காட்டியவர் ஆலங்காயத்துப் புளி வியாபாரி சத்தார் பாய். அவர் கடையில் பேட்டரியில் ஓடும் டேப் ரிக்கார்டர் இருந்தது. சடையன் அங்கே நாள் முழுக்க உட்கார்ந்து, இனிமேல் வரப்போகும் வழக்குக்கெல்லாம் முன்கூட்டியே தீர்ப்புச் சொன்னார். வரப்பு வழக்கு, கோபித்துக்கொண்டு தாய்வீடு போன பெண்டாட்டி வழக்கு, கடைசியாக மாடு மேய்ந்த வழக்கு. இன்னும் யாருமே செய்யாத தப்புக்கு வாய் வலிக்கத் திட்டியும் வைத்தார், பாவம்.

ஆபரேஷன் முடிந்து வந்ததும் முதல் பஞ்சாயத்து. பங்காளி வேடியப்பனுடைய மாடு சின்னக்குழந்தையின் சாமைக்கொல்லையில் மேய்ந்துவிட்டது. இந்த வேடியப்பனுக்குக் கவுண்டர் பதவி மேல் வெகுநாளாக ஒரு கண். சடையனின் மனைவி மாதம்மாள், பாயிடம் இரவல் வாங்கிய டேப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, மாட்டு வழக்கு இருந்த இடமாகப் பார்த்துத் தட்டிவிட்டாள்.

"மாடு உன்னுதுதானே? மேஞ்சது நெசந்தானே? ரெண்டு மரக்கா சாமை குடுத்துடு."

வேடியப்பன் பெட்டியைப் பார்த்துக் கும்பிட்டான். சடையனுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் மாதம்மாள் பெட்டியை நிறுத்த மறந்துபோனாள்.

"அப்பாடா. போதும் பாய். இந்தக் கவுண்டர் வேலையே எனக்கு வேணாம், வேடியப்பனே பாத்துக்கட்டும்."

ஐயோ, அது அன்றைக்கு மெஷின் நின்றுவிட்டதென்று நினைத்து, அலுப்பில் சொன்னது! சடையன் துள்ளி எழுந்து கையை ஆட்டினார், தலையை ஆட்டினார், மார்பில் அடித்துக்கொண்டார். ஜாடை செல்லாத ஊர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தது.

"அண்ணே, மனசாரத்தான் சொல்றீங்களா?" என்று வேடியப்பன் பணிவாகக் கேட்டான்.

கடையில் அன்று வேடிக்கை பார்த்த கூட்டத்துக்குச் சொன்னதைப் பெட்டி எடுத்துவிட்டது.

"சரி சரி, நேரமாச்சி. எல்லாரும் எழுந்து வூட்டுக்குப் போங்க."

ஊர் எழுந்தது. சடையனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கவுண்டர் வாயால் சொல்லியாகிவிட்டதே. அவரும் எழுந்து வீட்டுக்குப் போனார்.