பக்கத்து வீட்டுக் கோபம்

போன வாரம் பக்கத்து வீட்டு மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். ஆறாம் வகுப்பு படிக்கிற அவள் மகள் ஜெனிபர், கூடப் படிக்கிறவளின் நோட்டைக் கிழித்துவிட்டாளாம். முந்தின நாள் இன்னொருத்தியைக் கிள்ளி வைத்தாளாம். வீட்டிலோ... தொட்டதற்கெல்லாம் கத்தல்.

"என்னால முடியலங்க அத்தே. ஜூன்ல ஆஸ்டல்ல தள்ளிடப் போறேன்."

"போனைப் புடுங்கி வை. எல்லாம் சரியாயிடும்" என்றேன். எனக்குப் படிப்பு இரண்டாம் வகுப்போடு சரி. தீர்ப்புச் சொல்வதில் மட்டும் குறைச்சல் கிடையாது!

மறுநாள் வெள்ளிக்கிழமை. மேரி விடியுமுன்னே முந்திரிக்காட்டு வேலைக்குப் போய்விட்டாள். ஆட்டை அவிழ்க்கப் போனால், வேலிக்கு அந்தப் பக்கம் ஜெனிபர் — அம்மா வைத்துவிட்டுப் போன இட்லியை ஆட்டுக்கு ஊட்டிக்கொண்டிருக்கிறாள்.

"என்னடி பண்ற?"

"கத்தாதீங்க அம்மாயி! சாம்பல் புதன்லேருந்து ஒருசந்தி இருக்கேன், காலையில சாப்பிடுறதில்ல. அப்பா ஈஸ்டருக்காவது வரணும்."

அவள் அப்பா வடக்கே லாரி ஓட்டுகிறார். கிறிஸ்துமஸுக்கு வரவில்லை.

"சின்னப் புள்ளைய ஒருசந்தி இருக்கச் சொன்னது எவடி?"

"நீங்கதானே! வெறும் வயித்தோட வேண்டுனாத்தான் சாமி சீக்கிரம் கேக்கும்னு கோயில் வாசல்ல சொன்னீங்களே."

சொன்னேன்தான். தவக்கால வெள்ளியில் பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர்தான் என்று ஊருக்கே சொல்லிக்கொள்கிறவளாயிற்றே நான்! அந்த வெள்ளிகளில் மதியம் ஆனால் எனக்கே ஆட்டைக்கூடத் திட்டத் தோன்றும். அந்தக் கோபம் எனக்கு வந்தால் விரதம், பிள்ளைக்கு வந்தால் திமிரா?

டப்பாவில் நான்கு இட்லி மிச்சம். வேலியைச் சுற்றிப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றைப் பிட்டு என் வாயில் போட்டேன்.

"ஐயோ, இன்னைக்கு வெள்ளிக்கிழமை! சாமி கோவிச்சுக்காதா?"

"கோவிச்சா என்னைக் கோவிச்சுக்கட்டும். நீ தின்னுடி."

மேரியிடம் நானே சொன்னேன் — என் வாய்தான் காரணம் என்பதையும் சேர்த்து. இந்த வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து புகார் இல்லை. ஆஸ்டல் பேச்சும் அடங்கியிருக்கிறது. எல்லாக் கோபமும் பசிதான் என்று சொல்ல மாட்டேன். அப்பா நினைப்பு இட்லியில் தீருமா? ஆனால் அதையும் பசியோடு சுமக்க வேண்டாமே...

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் சிலுவைப்பாதை ஜெபம் முடிந்ததும் பெண்கள் வழக்கம்போலக் கேட்டார்கள். "என்னங்க, இன்னைக்கும் ஒண்ணும் சாப்பிடலியா?"

"காலையிலேயே சாப்பிட்டேன்" என்றேன். இத்தனை வருஷத்தில் நான் இருந்த ஒருசந்திகளிலேயே கஷ்டமானது அதுதான்.