மூட்டை தட்டிய கை

கோடவுனில் அவரை எல்லோரும் கிரேன் என்றுதான் கூப்பிடுவார்கள். இரண்டு பேர் பிடிக்கிற மூட்டையை ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்றிக்கொண்டு போகிற மனுஷன். தூக்குவதற்கு முன் மூட்டையை உள்ளங்கையால் ரெண்டு தட்டுத் தட்டுவார். உள்ளேயிருக்கிற சரக்கு படிந்து உட்காரும். வருஷக்கணக்கான பழக்கம், லேசில் போய்விடுமா?

அந்தப் பழக்கம்தான் வீட்டில் அவர் மானத்தை வாங்கியது. அவர் மனைவி தையல்காரி. குனிந்து குனிந்து தைத்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. மிஷினில் உட்காரவே முடியவில்லை. எலும்பில் கோளாறில்லை, தசைப்பிடிப்புதான், இதமாகத் தேய்த்துவிடலாம் என்றார் டாக்டர். "நான் எதுக்கு இருக்கேன்?" என்று கிரேன் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். அவளும் நம்பிக் குப்புறப் படுத்தாள். பாழாய்ப்போன கை! பட், பட்டென்று ரெண்டு தட்டு.

"அய்யோ! நான் என்ன மூட்டையா?" அவள் அலறியதில் பக்கத்து வீட்டுக்காரி ஓடிவந்துவிட்டாள். "இனிமே என் முதுகுல கை வெச்சுப் பாருங்க!"

அதோடு விட்டாளா? மிஷினையே விற்கப்போகிறேன் என்று ஒருவரிடம் சொல்லியும் வைத்துவிட்டாள். மாசக் கடைசியில் வந்து எடுத்துக்கொள்வாராம். கல்யாணமான புதிதில் ஆசை ஆசையாக அவள் வாங்கிய மிஷின். அது இந்த வாசலைத் தாண்டக் கூடாது, தாண்டவும் விடமாட்டேன் என்று கிரேன் கங்கணம் கட்டிக்கொண்டார்.

கோடவுனிலிருந்து வந்ததும் மெத்தையைச் சுருட்டிவைத்து, தட்டாமல் தேய்த்துப் பழகினார்.

"அப்பா, மெத்தைக்கு எங்க வலிக்குதாம்?" என்று மகள் சிரித்தாள்.

"போடி, போய்ப் படி!"

ஒருநாள் பழைய வாடிக்கைக்காரி ஒருத்தி வந்தாள். "தைக்க முடியாதுக்கா, அளவு மட்டும் எடுத்துத் தரேன்" என்றாள் மனைவி. டேப்பின் தகர முனை ஜில்லென்று இருக்குமே என்று உள்ளங்கையில் பொத்திச் சூடாக்கினாள். "முதுகுல வைக்கட்டுமாக்கா?" என்று கேட்டாள். அந்தப் பெண் தலையாட்டிய பிறகுதான் கிட்டே போனாள். தினம் கண்ணெதிரே நடந்த காரியம், தன் மரமண்டையில் ஏறவில்லையே என்று கிரேன் தலையிலடித்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் எண்ணெயை இரண்டு கையிலும் சூடுபறக்கத் தேய்த்துக்கொண்டு போய் நின்றார். "கை வைக்கட்டுமா?"

"வேண்டாம்."

அவர் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்தார். மறுநாளும் கேட்டார், மறுநாளும் வேண்டாம்தான். அதற்கடுத்த நாள் அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒரு தட்டு விழுந்துச்சு, எழுந்து போயிடுவேன்."

"வலிச்சா சொல்லு. போதும்னா போதும்."

முதுகெலும்பின் மேல் விரல் படாமல், இரண்டு பக்கமும் இடுப்பிலிருந்து தோள்வரை, அவசரமில்லாமல் தேய்த்தார். தோள்பட்டையடியில் கல்லாட்டம் ஒரு முடிச்சு. கை தட்டத்தான் துடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டார். முடிச்சு கொஞ்சம் இளகியது. அவள் தூங்கியே போனாள். அதன்பிறகு தினமும் கேட்டுவிட்டுத்தான் தேய்த்தார்.

மாசக் கடைசியில் சொன்னபடியே அந்த ஆள் வண்டியோடு வந்தார். நேரே மிஷினிடம் போய், "இதானே? ஏத்திடுவோம்" என்று அதன்மேல் கையை வைத்தார். தடுக்கப் போன கிரேன் பாதியிலேயே நின்றார். விற்பதும் வைத்துக்கொள்வதும் அவள் இஷ்டம் அல்லவா?

உள்ளேயிருந்து அவள் நிமிர்ந்து நடந்து வந்தாள்.

"எங்க வீட்டுல கேக்காம யாரும் கை வைக்க மாட்டோம்ங்க" என்றாள். "எடுங்க கைய. அது விக்கிறதுக்கில்ல."